காசிக்குப் போகுமுன் முடித்த கணக்கு

வயதான காலத்தில் காசிக்குப் போகிறேன் என்று ஒரு குடும்பத் தலைவர் சொன்னால், சம்சாரம் போதும் போதும் என்றாகி எல்லாவற்றையும் உதறிவிட்டுப் புறப்படுகிறார் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். கதாகாலட்சேபமும் சினிமாவும் நமக்குப் பழக்கிவைத்த சித்திரம் அது. பழைய காசி யாத்திரையின் ஏற்பாடுகளையும் செலவையும் சடங்குகளையும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இந்தச் சித்திரம் நிற்பதில்லை. ரயில் வருவதற்கு முந்திய தலைமுறைகளில், தென்னாட்டுப் பெரியவர் ஒருவர் காசிக்குத் திட்டம் போடுவதென்றால், குடும்பத்தைக் கணக்கெடுத்து, தன் நினைவில் மட்டும் இருப்பதைப் பத்திரப்படுத்தி, பொறுப்பை அடுத்தவர் கையில் ஒப்படைப்பது என்று பொருள். துறவுக்கும் அதற்கும் பெயரளவில்தான் உறவு என்பது என் கட்சி.

தூரத்தை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே 18 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டார். திருப்பதி, கர்நூல், ஐதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியாகப் பிரயாகையும் காசியும் கயையும் கண்டு, கல்கத்தா போய், கீழைக் கடற்கரை வழியாகத் திரும்பி வீடு சேர்ந்தது 1831 செப்டம்பர் 3. பல்லக்குத் தூக்கிகள், வேலையாட்கள் எல்லாரையும் சேர்த்துக் கூட்டம் ஏறக்குறைய நூறு பேர். அப்போது அவருக்கு வயது ஐம்பதையொட்டி. அந்தக் காலத்துக்கு அது பெரியவர் வயதுதான். வழியில் எந்த ஊரில் கடை உண்டு, எந்த ஆற்றைக் கடக்க என்ன வசதி, எங்கே சுங்கம் கேட்பார்கள், எங்கே தண்ணீர் நன்றாக இருக்கும் என்பதையெல்லாம் அவர் எழுதி, நண்பர் கோமளேசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளைக்குத் தெரியப்படுத்திக்கொண்டே போனார். வீராசாமி காலமாகி இரண்டு ஆண்டு கழித்து, 1838ல், பிள்ளை அதைத் தெலுங்குப் புத்தகமாக வெளியிட்டார். உலகத்தை உதறிவிட்டுப் போகிறவர் அரிசி கிடைக்கும் கடையைக் குறித்துவைக்க மாட்டார். தனக்குப் பின்னால் வருகிறவர் தடுமாறக்கூடாது என்று நினைப்பவர்தான் குறித்துவைப்பார். அவருக்குப் பத்தாண்டு முன்பு, 1820ல், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி சுமார் மூவாயிரம் பேருடன் காசிக்குக் கிளம்பினார். அது அரண்மனையே இடம்பெயர்ந்த மாதிரியான பயணம் என்பதால் சாதாரணக் குடும்பத்துக்கு அளவுகோலாகாது. ஆனால் அவரும் திரும்பி வந்தார், ஆட்சிப் பொறுப்பைத் தொடர்ந்து பார்த்தார்.

பதினைந்து மாதப் பயணம் என்றால் வீட்டில் என்னவெல்லாம் செய்துவைக்க வேண்டியிருந்திருக்கும்? கடன் கொடுத்தது, வாங்கியது, ஒற்றி வைத்தது, வாய்ப்பேச்சாக நின்ற பாகங்கள் அனைத்தையும் பேசி முடித்தாக வேண்டும். கையில் ரொக்கம் கொண்டுபோவது ஆபத்து. ஆகவே சாகுகாரரிடம் உண்டி வாங்கிக்கொண்டு போய் வழியிலுள்ள பெரிய ஊர்களில் மாற்றிக்கொள்வார்கள். உண்டி வாங்க வேண்டுமானால் பெயருக்கு நாணயம் வேண்டும், பழைய பாக்கி தீர்ந்திருக்க வேண்டும். இதைவிடச் சிக்கலான விஷயம் ஒன்று உண்டு. போனவரிடமிருந்து சேதி வராவிட்டால் வீட்டார் எத்தனை நாள் காத்திருப்பது? காணாமற்போனவருக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, பிறகு தர்ப்பையாலும் பலாச இலையாலும் உருவம் செய்து தகனம் பண்ணிக் கருமம் முடிக்கலாம் என்பது சாஸ்திர வழக்கு. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் அதை ஏழு ஆண்டாகச் சுருக்கி, ஏழு ஆண்டு சேதியே இல்லாதவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. பெரியவர் பாகப்பிரிவினை செய்யாமல் போய்விட்டால், அந்த ஏழோ பன்னிரண்டோ ஆண்டுகள் வீடு இழுபறியில் கிடக்கும். பயணத்துக்கு முன்பே சொத்தையும் பொறுப்பையும் பிரித்துக் கொடுப்பதைப் பற்றற்ற மனம் என்று சொல்லிப் புகழ்வதைவிட, வீட்டார் படப்போகும் சங்கடத்தை முன்கூட்டியே பார்த்த நடைமுறைப் புத்தி என்று சொல்வதுதான் பொருத்தம்.

யாத்திரையின் வடிவமே திரும்பி வருவதற்காகப் போட்டது. முறைப்படி அது காசியில் தொடங்குவதில்லை, காசியில் முடிவதும் இல்லை. முதலில் இராமேசுவரம். சேதுக்கரையில் மணலெடுத்து மூன்று லிங்கம் பிடித்து, சேது மாதவர், பிந்து மாதவர், வேணி மாதவர் என்று பூசித்து, வேணி மாதவர் மணலை மட்டும் முடிந்துகொண்டு பிரயாகை போய்த் திரிவேணியில் கரைக்க வேண்டும். அங்கிருந்து கங்கைநீர் எடுத்து, காசியும் கயையும் முடித்து, மறுபடி இராமேசுவரம் வந்து அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை நிறைவு. தனியாளாகப் போனால் சடங்கில் பாதி நடக்காது. பிரயாகையில் வேணி தானம் என்றொரு சடங்கு, தென்னாட்டுத் தம்பதிகள் விடாமல் செய்வது. படித்துறையில் மனைவியை உட்கார வைத்து, கணவர் அவள் கூந்தலைச் சீவிப் பின்னிப் பூ வைத்து, நுனியில் இரண்டங்குலம் கத்தரித்து நதியில் விட வேண்டும். நாற்பது ஆண்டு குடித்தனத்தில் ஒருநாளும் சீப்பெடுத்து மனைவிக்குத் தலைவாரிவிடாத மனிதர், புரோகிதர் பார்த்துக்கொண்டிருக்க, நரைத்த முடியை மூன்று கால் பிரித்துப் பின்னத் தெரியாமல் விழிக்கும் காட்சி அந்தக் கரையில் சாதாரணம். சம்சாரத்தை விட்டு விலகுகிற ஆளுக்கு வைத்த சடங்காக இதைப் படிக்க எனக்கு வழி தெரியவில்லை.

கயையில் நடப்பது இன்னும் தெளிவான சாட்சி. அங்கே பிண்டம் வைக்கப் பெயர் வேண்டும். தந்தை வழியில் மூன்று தலைமுறை, தாய் வழியில் மூன்று தலைமுறை, அவரவர் கோத்திரம். பிறகு காருண்ய பித்ருக்கள் என்று பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, மாமனார், மாமியார், குரு, நண்பர், வீட்டில் வேலை செய்தவர் வரை பட்டியல் விரியும். பெற்ற தாய்க்குத் தனியாகப் பதினாறு பிண்டம்; சுமந்ததும் பெற்றதும் வளர்த்ததுமாகிய ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ஒன்று. பிள்ளை இல்லாமல் போனவர், விபத்தில் போனவர், பெயர் தெரியாமல் போனவர் எல்லாருக்கும் இடமுண்டு. இத்தனை பெயரையும் உறவையும் சொல்லக்கூடியவர் வீட்டில் யார்? வாலிபனுக்குத் தன் பாட்டனாரின் தாயார் பெயர் தெரிந்திருக்காது. முதியவர்தான் இந்தக் காரியத்துக்கு ஏற்றவர் என்று வழக்கம் கருதியதற்கு அவருடைய பக்குவத்தைப் போலவே அவருடைய ஞாபகமும் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த ஞாபகம் காற்றோடு போகவில்லை. கயை, பிரயாகை, அரித்துவாரம் முதலான தலங்களில் பண்டாக்கள் எனப்படும் தலத்துப் புரோகிதர்கள் வகி என்ற நீளமான கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். எந்த ஊர்க்காரர் எந்தப் பண்டாவுக்கு என்பது பிரிக்கப்பட்டிருக்கும். வந்தவர் ஊர், கோத்திரம், தகப்பன், பாட்டன், சகோதரர், பிள்ளைகள் பெயரெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட, அதே குடும்பத்தில் அடுத்து வருகிறவர் அதன் கீழ் தொடர்ந்து எழுதுவார். பண்டாவுக்கு இது வியாபாரம்தான்: பழைய ஏட்டைக் காட்டி, உன் கொள்ளுத்தாத்தா எங்களிடம்தான் வந்தார் என்றால் வாடிக்கை கைமாறாது. வியாபாரத்துக்காக எழுதிய ஏடுதான் வாரிசு வழக்குகளில் சாட்சியமாகவும் நின்றிருக்கிறது. அரித்துவாரத்து ஏடுகளை அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கத்தார் மைக்ரோஃபிலிமில் படமெடுத்தும் வைத்திருக்கிறார்கள். குறையும் உண்டு. பிண்டம் வைக்கும்போது தாயும் பாட்டியும் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார்கள். ஏட்டிலோ பெரும்பாலும் ஆண்களின் வரிசைதான். பெண் கொடுத்த வீடும் பெண் எடுத்த வீடும் அதில் கண்ணில் படுவது அபூர்வம். குடும்ப நினைவு என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதியைப் பண்டாவும் விட்டார், எழுதச் சொன்ன தாத்தாவும் விட்டார்.

யாத்திரை துறவல்ல என்ற என் கட்சிக்கு மறுப்பு வராமல் இராது. காசியில் இறந்தால் முக்தி என்று நம்பி அங்கேயே தங்கிவிட்டவர்கள் இல்லையா? இருந்தார்கள். ஆனால் அது காசிவாசம், யாத்திரையிலிருந்து வேறான ஏற்பாடு. அதைத் தேர்ந்தவர்களில் விதவைகள் பலர். அவர்களை அங்கே அனுப்பியதில் பக்தி எவ்வளவு, வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்ற எண்ணம் எவ்வளவு என்பது சங்கடமான கேள்வி. இளைஞர்களும் காசிக்குப் போனார்களே என்றால், போனார்கள்தான், படிக்கப் போனார்கள். பாரதி தகப்பனார் மறைவுக்குப் பின் 1898ல் அத்தை வீட்டுக்குப் போய்ப் படித்தது தெரிந்த கதை. கல்யாணத்தில் குடையும் தடியும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை கிளம்பும் காசி யாத்திரையும் இந்தப் படிப்புப் பயணத்தின் மிச்சம்தான். பெண் வீட்டார் வழிமறித்துத் திருப்பி அழைத்து வருவதற்கென்றே வைத்த கிளம்பல் அது. குடித்தனம் தொடங்காதவனை மறிக்கிற சமூகம், முடித்துவைத்தவரை ஊர் எல்லை வரை வந்து வழியனுப்பியது.

வலுவான மறுப்பு வேறு: பல்லக்கும் உண்டியும் உள்ளவர் பழக்கத்தை எல்லாருடைய வழக்கமாகக் காட்டலாமா? பாகம் பிரிக்க நிலமே இல்லாதவருக்கு என்ன கணக்கு? இதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். பெரும்பாலோருக்குக் காசி கைக்கெட்டாத ஊர். அதனால்தான் பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் தென்காசி எழுப்பியதும், விருத்தாசலம் விருத்தகாசி ஆனதும், காசிக்கு நிகர் என்று காவிரிக்கரையில் ஆறு தலங்களைச் சேர்த்துச் சொன்னதும். ஆனாலும் கால்நடையாகப் போன ஏழைகள் கொஞ்சமில்லை. அவர்களுக்காகவே சத்திரங்கள் இருந்தன. 1802ல் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் சேதுவுக்குப் போகும் வழியில் நிற்கிறது. அதற்கு முந்திய ஆண்டு தஞ்சை ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சத்திரங்களின் வேலையை விளக்குகிறார்: பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் சோறு, சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் சாமானும், நோயாளிக்கு வைத்தியம், கர்ப்பிணிக்குப் பராமரிப்பு, வழியில் இறந்தவருக்கு ஈமக்கடன். காசியிலேயே நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863ல் சத்திரம் நிறுவினார்கள். அதற்கு இரு நூற்றாண்டு முன்பே குமரகுருபரர் அங்கே மடம் அமைத்திருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியோ அலகாபாத்திலும் கயையிலும் பூரியிலும் யாத்திரிகரிடம் வரி வசூலித்து, 1840ல்தான் அதை நிறுத்தியது. சொத்தில்லாதவரிடம் பிரிக்க நிலம் இராது. கயையில் சொல்ல வேண்டிய பெயர்கள் அவரிடமும் இருந்தன.

ரயில் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பை முறித்தது. 1870ல் ஜபல்பூர் வழியாகப் பம்பாயும் கல்கத்தாவும் இணைந்தன. மறு ஆண்டு சென்னைக்கும் பம்பாய்க்கும் பாதை வந்தது. 1887ல் காசியில் கங்கைமேல் டஃப்ரின் பாலம். 1914ல் பாம்பன் பாலம். பதினைந்து மாதப் பயணம் வாரக்கணக்கில் சுருங்கியது. 1879ல் காலணாத் தபால் கார்டு வந்தபின், சேதி தெரியாமல் வருஷக்கணக்கில் காத்திருக்கும் பயமும் தீர்ந்தது. 1889ல் ஆரிய திவ்விய தேச யாத்திரை சரித்திரம் எழுதிய கோயம்புத்தூர் பகடாலு நரசிம்மலு நாயுடுவுக்கு அப்போது வயது முப்பத்தைந்து. காசி போய்வந்து எழுத முதுமை வரை காத்திருக்கத் தேவையில்லாத தலைமுறை வந்துவிட்டது. ரயில் பக்தியைக் கெடுத்தது என்று புலம்பியவர்களோடு நான் சேரமாட்டேன். பல்லக்கு வைக்க வசதியற்றவர்களும், துணைக்கு ஆண் இல்லாத பெண்களும் மூன்றாம் வகுப்பு டிக்கெட்டில்தான் கங்கையைக் கண்டார்கள். போனது வேறொன்று: புறப்படுமுன் வீட்டுக் கணக்கை முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம். போனவர் அடுத்த மாதம் திரும்பிவிடுவார் என்றால் பாகப்பிரிவினைக்கு அவசரம் என்ன? அந்தப் பேச்சு யாத்திரையிலிருந்து கழன்று வக்கீல் வீட்டுக்கும் ரிஜிஸ்தர் ஆபீசுக்கும் போனது. யாத்திரையோ ரிட்டையரான பின்பு, பென்ஷன் பணம் வந்த கையோடு, அறுபதாம் கல்யாணத்தை ஒட்டிச் செய்யும் பயணமாக மாறியது.

இப்போது டிக்கெட் எடுப்பதும் தங்குமிடம் பார்ப்பதும் பிள்ளைகள், பல வீடுகளில் வெளிநாட்டிலிருந்தபடியே. போகும் நாளும் திரும்பும் நாளும் அவர்கள் லீவை ஒட்டி முடிவாகின்றன. திட்டம் பெரியவர் கையை விட்டுப் போய்விட்டது. பழைய ஏற்பாட்டில் ஒரே ஒரு வேலை மட்டும் அவரிடம் மிஞ்சியிருக்கிறது. கயைக்குப் போகுமுன் புரோகிதர் மூன்று தலைமுறைப் பெயர்ப் பட்டியல் கேட்கிறார். மகனுக்கும் மருமகளுக்கும் அதில் இரண்டாம் வரிக்கு மேல் நிரப்பத் தெரிவதில்லை. பெரியவரும் தாய் வழிப் பாட்டியின் பெயருக்கு ஊரிலுள்ள தன் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் எழுதுகிறார்.