பிச்சாவரத்துப் படகு வழிகள்

பிச்சாவரம் அலையாத்திக் காடு கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் தெற்கில் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் இடையே கிடக்கிறது. பரப்பு சுமார் 1,100 ஹெக்டேர். அதில் பாதியளவே மரம். மீதியெல்லாம் வாய்க்காலும் சேற்றுத்தரையும் மணலும். ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு திட்டுகளைச் சுற்றி நீர் ஓடுகிறது. காட்டுக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு. அதை உடைத்துக்கொண்டு சின்னவாய்க்கால் அருகே கடல் உள்ளே வருகிறது. ஓத ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே ஒரு மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. இந்தச் சிறிய ஏற்ற இறக்கம்தான் காட்டை உயிரோடு வைத்திருக்கிறது என்பது பின்னால் வரும் வரலாற்றுக்கு முக்கியமானது.

கடல் பாதி, ஆறு பாதி. ஆற்றுநீர் வரும் தூரம் பலருக்கும் தெரிவதில்லை. அவிநாசி வட்டாரத்தில் பெய்யும் மழை நல்லாற்றில் இறங்கி, திருமுருகன்பூண்டியைக் கடந்து நொய்யலில் சேர்கிறது. நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம், வெள்ளக் காலத்து மிகுநீரையெல்லாம் சுமந்து இந்தக் கழிமுகத்துக்கு வருகிறது. கொங்கு நாட்டில் ஆறுகளுக்கு என்ன நேர்ந்தாலும் அதன் கடைசிச் சுவடு இந்த அலையாத்தி மரங்களின் வேரில்தான் படிகிறது.

படகில் அலையாத்திக் காட்டுக்குள் போவது இன்று ஆசியாவெங்கும் பெரிய சுற்றுலாத் தொழில். மலேசியாவின் லங்காவித் தீவில் சுண்ணாம்புக்கல் குன்றுகளின் அடியில் கிலிம் ஆறு அலையாத்திகளுக்கு நடுவே ஓடுகிறது. அரை நாள் கயாக் பயணமாக அதைச் சுற்றிவரலாம். 2007இல் லங்காவி யுனெஸ்கோவின் புவிப்பூங்கா ஆனது. தாய்லாந்தின் பாங் ஙா விரிகுடாவிலும் இதே காட்சிதான்: செங்குத்தான சுண்ணாம்புக்கல், அதன் குகைகள், அடியில் சேறு. பிச்சாவரத்தில் பாறையே கிடையாது. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர்ப் பக்கம் கிரெட்டேசியக் காலக் கடற்புதைபடிவங்கள் நிறைந்த சுண்ணாம்புக்கல் படுகைகள் உண்டு. கழிமுகத்திலோ ஆறு கொண்டுவந்த வண்டலும் கடல் ஒதுக்கிய மணலும் மட்டுமே. கல் இல்லாததால் இங்கே எதுவும் நிலையாக இருப்பதில்லை. வாய்க்கால் தூர்ந்து போகும், மணல்மேடு நகரும், முகத்துவாரம் இடம் மாறும். மனிதர் கை வைத்தால் அதன் விளைவு ஒரு தலைமுறைக்குள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் கரையின் மிகப் பழைய அடையாளம் தில்லை மரம். சிதம்பரத்தின் பழம்பெயரே தில்லை. தில்லையே அந்த ஊர்க் கோயிலின் தலமரமும் கூட. இன்று தில்லையைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டும். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. விறகு வெட்டுகிறவர்கள் அந்த மரத்தைத் தொட யோசிப்பார்கள். இலை உதிரும் முன் செக்கச் சிவந்துவிடுவதால் பச்சைக் காட்டுக்குள் தில்லை நிற்கும் இடத்தைப் படகிலிருந்தே சொல்லிவிடலாம். ஒரு காலத்தில் கடல் இன்னும் மேற்கே இருந்தது, அலையாத்தியும் நகரத்தின் எல்லை வரை வந்தது என்ற கருத்துக்கு அந்தப் பெயரே வலு சேர்க்கிறது. பிச்சாவரம் ஜமீன்தார்கள் தங்களைச் சோழர் வழியினர் என்று சொல்லிக்கொண்டார்கள். சிதம்பரம் கோயிலில் தீட்சிதர்கள் அவர்களுக்கு முடிசூட்டும் வழக்கமும் இருந்தது. ஊரும் கோயிலும் காடும் ஒரே நிலப்பரப்பின் பகுதிகளாக எண்ணப்பட்டதற்கு இது ஒரு சான்று.

காட்டுக்கு வடக்கே, வெள்ளாற்றின் மறுகரையில் பரங்கிப்பேட்டை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்து இறங்கிய இந்தத் துறைமுகத்தில் பின்னர் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வணிகம் செய்தனர். 1781 ஜூலையில் ஐதர் அலியின் படையை ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் தோற்கடித்ததும் இங்கேதான். இந்தப் போரைவிட நீர்வழியின் வரலாற்றுக்கு முக்கியமானது 1830இல் இங்கே எழுந்த இரும்பாலை. அதை நிறுவியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகப் பிரதிநிதியாகச் சேலம், கோவைப் பகுதிகளில் இருந்தபோது போர்பன் பருத்தியைக் கொங்கு நிலத்தில் பரப்ப முயன்றவர் இவரே. பருத்தியிலிருந்து இரும்புக்கு மாறியவர் உலையைக் கடலோரத்தில் வைத்தார். கனிமமோ சேலத்தில் இருந்தது. அதனால் சேலத்துக் கனிமம் தோல் வேய்ந்த வட்டப் பரிசல்களில் காவிரி வழியே இறங்கி, கொள்ளிடத்துக்கு வந்து, கான்சாகிப் வாய்க்கால் வழியாகப் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்தது. பெரும் அணைகள் எழும் முன் காவிரி நீர் எவ்வளவு தாராளமாக இந்தக் கடற்கரை வரை ஓடியது என்பதற்கு அந்தப் பரிசல் பயணத்தைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. உலைக்கு வேண்டிய கரிக்காகத் தென்னார்க்காட்டுக் காடுகள் வெட்டப்பட்டன. விறகு குறைந்ததும் ஆலை தடுமாறியது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மூடப்பட்டது. கான்சாகிப் வாய்க்கால் இன்றும் இருக்கிறது. சிதம்பரம் வட்டத்து வயல்களின் மிகுநீரையும் வடிகாலையும் பிச்சாவரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

அந்த ஆலை நடந்துகொண்டிருந்தபோதே ஆற்றின் தலைமாட்டில் மாற்றம் தொடங்கிவிட்டது. காவிரி நீர் கொள்ளிடத்தில் வீணாகப் போகிறது என்று தஞ்சை விவசாயிகள் நெடுங்காலம் முறையிட்டு வந்தனர். பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டி முடித்தார். அதே காலத்தில் அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. மூன்றும் வயலுக்கு நன்மை செய்தன. அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. கழிமுகத்துக்கு வரும் நன்னீர் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்கள் தவிர்த்து மற்ற நாளெல்லாம் உப்பின் ஆட்சி. உப்பைத் தாங்க முடியாத சில அலையாத்தி இனங்கள் பிச்சாவரத்திலிருந்தே மறைந்துவிட்டன. கண்டேலியா அவற்றில் ஒன்று. மிஞ்சியதில் பெரும்பங்கு வெண்கண்டல். உட்கொண்ட உப்பை இலை வழியே வெளியேற்றும் மரம் அது. கோடைக் காலையில் இலையைத் தொட்டால் விரலில் உப்புப் பொடி ஒட்டும். உயர்ந்த முட்டுவேர்களால் தாங்கி நிற்கும் சுரபுன்னை வாய்க்கால் ஓரங்களில் ஒடுங்கி நிற்கிறது. சுற்றுப்பயணி படகில் போகும்போது காண்பது பெரும்பாலும் இந்தச் சுரபுன்னை ஓரத்தைத்தான். அதனால்தான் ஊரார் காடு முழுவதையும் சுரபுன்னைக் காடு என்கிறார்கள்.

அணைகளைவிடக் காட்டை நேரடியாகத் தாக்கியது வனத்துறையின் வெட்டுமுறை. பிரிட்டிஷ் ஆட்சியில் தொடங்கி, விடுதலைக்குப் பின்னும் 1970கள் வரை நீடித்த முறை இது. காட்டைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் சுழற்சி முறையில் முழுதாக வெட்டி விறகாக விற்றார்கள். தானாக முளைத்து வளர்ந்துவிடும் என்ற எண்ணம். மேட்டு நிலத்துக் காட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். சேற்றுக் காட்டுக்குப் பொருந்தவில்லை. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றிய மண் சுருங்கி உள்வாங்கி, தட்டுப் போன்ற பள்ளமானது. ஏற்றத்தில் அந்தப் பள்ளத்துக்குள் வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற முடியாமல் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்ச, ஆண்டுக்கு ஆண்டு அதன் அளவு ஏறியது. கடைசியில் வெண்கண்டல் விதைகூட முளைக்காத வெட்டவெளிகள் காட்டின் நடுவே உருவாயின. ஓரத்தில் அடர்ந்த பசுமை, உள்ளே பொட்டல்: 1980களில் பிச்சாவரத்தின் நிலை இதுதான்.

இதற்கான பழி நெடுங்காலம் கரையோர மக்கள் மேல் விழுந்தது. விறகு பொறுக்குகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால் காடு அழிகிறது என்று சொல்லப்பட்டது. அவர்களுள் மிக எளியவர்கள் இருளர். வலையோ படகோ இல்லாமல், மார்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது அவர்கள் தொழில். பிடித்ததைப் போட, பனையோலையில் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள். அப்போதுதான் இரண்டு கையும் தடவுவதற்கு இருக்கும். மணிக்கணக்கில் நீரில் நின்றபடி செய்யும் வேலை அது. இந்த மனிதர்களா ஆயிரம் ஹெக்டேர் காட்டைக் குலைத்தார்கள்? அந்தக் கேள்வியை முறைப்படி எழுப்பி விடை கண்டது சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். மண்ணின் உப்பையும் நிலமட்டத்தையும் அளந்து, பழைய வெட்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, முக்கியக் காரணம் அரசு முறைப்படி நடந்த வெட்டுதான் என்று தெரிந்தது. பரங்கிப்பேட்டையில் ஆர்.வி. சேஷய்யா உருவாக்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல்லாண்டுகளாகச் சேர்த்துவந்த கழிமுக ஆய்வுகளும் இந்தப் பகுதியைப் புரிந்துகொள்ள அடித்தளமாயின.

நோய் தெரிந்ததும் மருந்தும் எளிதாகவே கிடைத்தது: தேங்கிய நீருக்கு வழி விட வேண்டும். 1990களில் வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மக்களும் சேர்ந்து, இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியோடு, பொட்டல்களுக்குள் வாய்க்கால் வெட்டத் தொடங்கினர். நடுவே ஒரு தாய் வாய்க்கால், அது இயற்கையான கழியோடு இணையும். அதன் இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள்ளின் வடிவம். ஏற்றத்தில் நீர் முள்ளின் நுனி வரை போகும், வற்றத்தில் முழுதும் திரும்பிவிடும், உப்பு தங்காது. சரிவான கரைகளில் வெண்கண்டல் நாற்றையும், சுரபுன்னையின் நீண்ட முளைக்குச்சிகளையும் நட்டார்கள். மண்ணை வெட்டியதும் நாற்று நட்டதும் பழி சுமந்த அதே ஊர்களின் மக்கள். சேற்றில் இயந்திரம் இறங்காது, மண்வெட்டியும் கூடையும்தான். வேலை அத்தோடு முடிவதும் இல்லை. வண்டல் படிந்து கிளை வாய்க்கால் அடைபட்டால் பள்ளத்தில் மீண்டும் நீர் தேங்கும், ஆகவே தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வி. செல்வமும் உடனாய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட கட்டுரை, 1986க்கும் 2002க்கும் இடையே அலையாத்திப் பரப்பு சுமார் 90 விழுக்காடு கூடியதாகக் காட்டியது. இந்திய வனவரலாற்றில் இப்படி ஒரு மீட்பு அரிது.

சுற்றுலாப் படகுகள் இந்த வரலாற்றில் பின்னால் வந்து சேர்ந்தவை. 1975இல் வெளிவந்த எம்.ஜி.ஆரின் இதயக்கனி இந்த வாய்க்கால்களைத் தமிழகம் முழுவதுக்கும் திரையில் காட்டியது. பிச்சாவரத்தின் பெயர் வெளியூர்களில் பரவியதில் அந்தப் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னர் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுத்துறையை நடத்தத் தொடங்கியது. துடுப்புப் படகும் மோட்டார் படகும் ஓடுகின்றன. மோட்டார் படகு அகன்ற கழியோடு நின்றுவிடும். கிளைகள் தலைக்கு மேல் கைகோத்து நிற்கும் குறுகிய வழிகளுக்குத் துடுப்புப் படகே போக முடியும். அங்கே படகோட்டி துடுப்பைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டு வேரைக் கையால் தள்ளி நகர்வதும் உண்டு. ஏற்ற நேரத்தில் நுழைந்த வழி வற்ற நேரத்தில் தரை தட்டும் என்பதால், எந்த வழியில் எப்போது போகலாம் என்பது படகோட்டியின் அறிவைப் பொறுத்தது. கிள்ளை, பிச்சாவரம் பகுதி மீனவக் குடும்பங்களில் தலைமுறையாக வந்த அறிவு அது. இன்று அதுவே வழிகாட்டும் தொழிலாகியிருக்கிறது. 

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை காட்டின் மதிப்பைக் கொடுமையான வகையில் காட்டியது. காட்டுக்கு முன்னே மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் குடியிருப்புகள் சிதைந்தன, உயிரிழப்பு பெரிது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் மிகக் குறைவு. 2005இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு கடலூர்க் கரையை முன்வைத்தே கடலோர மரங்களின் காப்பைப் பேசியது. கடலிலிருந்து ஊரின் தூரமும் நிலத்தின் உயரமும்தான் காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த விவாதம் அறிவியலுக்கு வேண்டியதுதான். கரையோர மக்களோ அலையைக் காடு தாங்கிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவர்கள். அதன்பின் நாற்று நடும் வேலைக்கு வரும்படி அவர்களை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

2022இல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சுற்றியுள்ள நீர்ப்பரப்பையும் சேர்த்து 1,478 ஹெக்டேருக்கு மேல் அதன் எல்லை. அதே பட்டியலில் திருப்பூரின் நஞ்சராயன் குளமும் இடம்பெற்றதாக 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அந்தக் குளத்தை நிரப்புவது அவிநாசிப் பக்கத்து நல்லாறு. அதே மாதத்தில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டமும் தொடங்கிவைக்கப்பட்டது. பவானியின் மிகுநீரில் 1.5 டி.எம்.சி.யைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து இறைத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளங்குட்டைகளுக்கு அனுப்பும் திட்டம் அது. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த வறண்ட ஊர்கள் கேட்டுக் கிடைத்த நீர்; அதன் நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. அந்த மிகுநீர் காவிரியில் கலந்து இறங்கிவரும் வழியும் கொள்ளிடம்தான். எனவே கழிமுகத்தின் நன்னீர்க் கணக்கை இனி மேட்டூரோடும் முக்கொம்போடும் மட்டும் நிறுத்திவிட முடியாது. பவானியையும் நொய்யலையும் அதில் சேர்க்க வேண்டும். பிச்சாவரத்தில் மழைக்கு முன் கிளை வாய்க்கால்களில் தூர்வாரும் வேலை இன்றும் தொடர்கிறது.