ஜாஸ் கேக்கப் பழகின கதை

எங்க பக்கம் மும்முனை கரண்ட் ராத்திரியிலதான் வரும். மோட்டாரைப் போட்டுட்டு வரப்புல உக்காந்தா, கடைசி வயலுக்குத் தண்ணி போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகும். அந்த நேரத்துல செல்போன்ல பாட்டு கேக்கறது பழக்கம். 1994-ல 'டூயட்' படம் வந்ததுல இருந்து சாக்ஸபோன்னா எனக்கு உயிர். அதுல வாசிச்சவர் கத்ரி கோபால்நாத். இந்தக் கருவியை வேற யாரெல்லாம் வாசிக்கிறாங்கன்னு தேடப் போய்த்தான் ஜாஸ்ல மாட்டினேன்.

முதல்ல ஒண்ணும் புரியல. நாலஞ்சு பேர் ஆளுக்கொரு பக்கம் வாசிக்கிறாங்க, சந்தைக்கடை மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சேன். ஒரு பாட்டுக்கு ஒரு கருவியை மட்டும் காதால தொடர்ந்து போறது. மந்தைக்குள்ள நம்ம ஆட்டு மணியை மட்டும் கேக்கற மாதிரி. பழைய நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ்ல கார்னெட் பாட்டைச் சொல்லும், கிளாரினெட் அதைச் சுத்திக் கொடி மாதிரி ஏறும், ட்ராம்போன் அடியில நின்னு தாங்கும். இது பிடிபட்ட பிறகு சத்தம் பாட்டாயிடுச்சு. நீங்களும் இப்படிக் கேட்டுப் பாருங்க.

கருவியைப் பிடிச்சுக்கிட்டே போனா வரலாறும் வந்துடுது. சாக்ஸபோனைச் செஞ்சவர் பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ். 1846-ல பாரிஸ்ல உரிமை வாங்கினார். அப்ப அது ராணுவ பேண்டுக்கான கருவி. அதுல ஜாஸ் வாசிக்க வழிகாட்டினவங்கள்ல முக்கியமானவர் கோல்மன் ஹாக்கின்ஸ். 1939-ல அவர் வாசிச்ச 'பாடி அண்ட் சோல்' கேளுங்க. மெட்டை ஆரம்பத்துல தொட்டுக் காட்டிட்டு, அப்புறம் முழுக்கத் தன் சொந்தக் கற்பனையிலேயே போயிடுவார்.

பறைக்கும் தவிலுக்கும் பழகின காது எனக்கு, அதனால அடுத்து டிரம்ஸுக்குப் போனேன். ஆப்பிரிக்காவுல இருந்து அடிமைகளாக் கொண்டு போனவங்க, முரசு அடிச்சுச் சேதி சொல்லிக் கலகம் பண்ணிடுவாங்கன்னு முதலாளிங்களுக்கு பயம். தெற்குக் கரோலினாவுல 1740-லயே சட்டம் போட்டு முரசைத் தடுத்தாங்க. நியூ ஆர்லியன்ஸ்ல மட்டும் ஞாயித்துக்கிழமை காங்கோ சதுக்கம்ங்கிற மைதானத்துல கூடி அடிக்கவும் ஆடவும் விட்டாங்க. பருத்திக் காட்டுல ஒருத்தர் எடுத்துக் கொடுக்க மத்தவங்க வாங்கிப் பாடின பாட்டும் ஜாஸுக்கு ஒரு வேர். நானும் பருத்தி எடுத்து விரல் கிழிஞ்சவன்தான். ஆனா என் காட்டுல நான் எடுக்கறதும், சாட்டைக்குப் பயந்து எடுக்கறதும் ஒண்ணில்ல.

அந்த ஊர்ல சாவுக்கும் பேண்டு உண்டு. இடுகாட்டுக்குப் போறப்ப மெதுவான சோகப் பாட்டு, திரும்பி வர்றப்ப துள்ளாட்டம். நம்ம ஊர் கல்யாணச் சாவு பாத்தவங்களுக்கு இது புதுசா இருக்காது.

என்னைத் தூங்க விடாதது கார்னெட்தான். பட்டி போல்டன்னு ஒருத்தர், 1877-ல பொறந்தவர். ஜாஸோட முதல் ராஜான்னு அவரைத்தான் சொல்றாங்க. 1907-ல மனநோய் முத்தி ஆஸ்பத்திரிக்குப் போனவர், 1931-ல அங்கேயே செத்துப்போனார். அவர் வாசிச்ச ஒரு பதிவுகூட இன்னைக்கு இல்ல. 1917-ல முதல் ஜாஸ் இசைத்தட்டு வந்தப்ப அதுல வாசிச்சது ஒரு வெள்ளைக்காரக் குழு. வெதச்சவன் ஒருத்தன், அறுத்தவன் ஒருத்தன்.

லூயி ஆம்ஸ்ட்ராங் கிடைச்சது நம்ம அதிர்ஷ்டம். 1912 கடைசி நாள் ராத்திரி தெருவுல துப்பாக்கி வெடிச்சதுக்காகச் சிறுவர் இல்லத்துல போட்டாங்க. அங்கதான் கார்னெட்டை ஒழுங்காக் கத்துக்கிட்டார். 1928-ல அவர் பதிவு பண்ண 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' ட்ரம்பெட் மட்டும் தனியா முழங்கித் தொடங்கும். மோட்டார் சத்தத்தையும் மீறி அது என்னை எந்திரிச்சு நிக்க வெச்சுது.

எங்கம்மா நடவு வயல்ல பாட்டு எடுத்துக் கொடுக்கறவங்க. அவங்க குரலும் இன்னைக்கு இல்ல. போல்டனுக்கு வசதி இல்ல, சரி. எங்க வீட்ல டேப் ரெக்கார்டர் இருந்துச்சு. நான் அதுல சினிமாப் பாட்டுதான் பதிஞ்சேன்.

சின்னம்மா ஒருத்தங்க மட்டும் இருக்காங்க, எண்பது வயசு தாண்டிருச்சு. போன வாரம் போய் ரெண்டு நடவுப் பாட்டை செல்போன்ல பிடிச்சேன். நடுவுல இருமலும் கோழிச் சத்தமும் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.