காட்சியான நிலம், விறகான நிலம்

ஆங்கில நாவலில் இயற்கை என்றதும் வகுப்பறைகளில் வர்ணனை, பின்னணி, மனநிலைக் குறியீடு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நிலம் யாருடையது என்கிற கேள்வி எழுவதேயில்லை. 1604க்கும் 1914க்கும் இடையில் பாராளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 68 லட்சம் ஏக்கர், இச்சட்டங்களுக்குள் வந்தது. மாடு மேய்க்க, விறகு வெட்ட ஊராருக்கு இருந்த பாத்தியதையும் அதோடு போச்சு.

ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' (1814) நாவலில் ரஷ்வொர்த் என்கிற நிலக்கிழான் தன் மாளிகையைச் சுற்றியுள்ள நிலத்தை அழகுபடுத்த ரெப்டனை அழைக்க நினைக்கிறான். ஹம்ஃப்ரி ரெப்டன் நிஜ ஆள். அக்காலத்தில் பேர்பெற்ற நிலவடிவமைப்பாளர். நாவலில் அவர் கூலி நாளுக்கு ஐந்து கினி. வெட்டப்படப்போகும் சாலைமரங்களுக்காக ஃபேனி வருந்துகிறாள். கோடாலி பிடிக்கப்போகிறவனைப் பற்றி ஒரு பேச்சுமில்லை.

தாமஸ் ஹார்டியின் 'த ரிட்டர்ன் ஆஃப் த நேட்டிவ்' (1878) வேறு மாதிரி. டார்செட்டில் பல பெயர்களோடு கிடந்த கரம்புக்காடுகளைச் சேர்த்து எக்டன் ஹீத் என்று பெயரிட்டார். விதி, பிரபஞ்சத்தின் அலட்சியம் என்றெல்லாம் அதை வாசித்துத் தீர்த்தாயிற்று. ஆனால் அங்கே எரிக்கப் புல்மண் வெட்டிக்கொள்ளும் உரிமை பழைய சாசனங்களில் இருப்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார்.

பாரிஸில் வைர வியாபாரம் பார்த்துத் திரும்பிய கிளிம், கண் பழுதானபின் முட்புதர் வெட்டப் போகிறான். நூறு கட்டுக்கு அரை கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங். காலம் வேறுதான், இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ரெப்டனின் ஒருநாள் கூலிக்கு 4,200 கட்டு வெட்டணும். வேலையிலிருக்கும் கிளிமைத் தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக்கு நடுவே ஒரு பழுப்புப் புள்ளி. அவன் பக்கமிருந்தோ சுற்றிலும் சில அடிதான் உலகம்; தேனீ, வண்ணத்துப்பூச்சி, முயல்குட்டி. காட்சி என்று ஒன்று இருக்கத் தூரம் வேண்டும். குனிந்து வெட்டுகிறவனுக்கு அது கிடையாது. அவன் பாடிக்கொண்டே வெட்டுவதைக் கேட்டு மனைவி யூஸ்டேஷியா அழுகிறாள்; இந்த வேலையை அவளால் அவமானமாக மட்டுமே பார்க்க முடிகிறது.

ஹார்டியையும் சும்மா விடவேண்டியதில்லை. கிளிம் படித்தவன், விரும்பினால் வெளியேறலாம். கடைசியில் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்யப் போய்விடுகிறான். ஆயுசுக்கும் புதர் வெட்டும் ஹம்ஃப்ரி நாவலின் ஓரத்திலேயே நிற்கிறான்.

1895இல் எழுதிய முன்னுரையில், அந்தக் கரம்பில் ஆங்காங்கே ஏர் புகுந்துவிட்டதையும் மரத்தோப்புகள் நடப்பட்டதையும் ஹார்டி குறிப்பிடுகிறார்.