காரியவட்டத்தில் தமிழுக்கும் ஒரு பங்கு

கழக்கூட்டம் என்றதும் இங்கே அமெரிக்காவில் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது டெக்னோபார்க்தான். தப்பில்லை. நானும் அங்கே மூன்று வருடம் பொட்டி தட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். ஆனால் 1990ல் டெக்னோபார்க் தொடங்குவதற்கு முன்பே பக்கத்தில் காரியவட்டத்தில் ஒரு பெரிய வளாகம் இருந்தது. கேரளப் பல்கலைக்கழகம். கழக்கூட்டத்திலிருந்து ஸ்ரீகாரியம் போகும் சாலையில் தினமும் அதைத் தாண்டிப் போனோம். கூட வேலை பார்த்த தமிழ் நண்பர்கள் பலருக்கு அது "மலையாளிகளோட யுனிவர்சிட்டி", அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது. கோட்டாற்றில் பிறந்த என் தாத்தா பி.ஏ. முடித்தது 1940களில் திருவனந்தபுரத்தில். சான்றிதழின் தலைப்பில் "திருவிதாங்கூர் பல்கலைக்கழகம்" என்றிருக்கும். அவர் வெளி மாநிலத்துக்குப் போய்ப் படிக்கவில்லை ஐயா, சொந்த சமஸ்தானத்தின் தலைநகரத்துக்குப் போனார்!

1937 வரை திருவனந்தபுரத்துக் கல்லூரி மாணவர்களுக்குப் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை தத்துவப் பேராசிரியராக இருந்த மகாராஜா கல்லூரியும் (இன்றைய யுனிவர்சிட்டி காலேஜ்) அப்படித்தான் இருந்தது. அவர் பிறந்தது ஆலப்புழையில், வாழ்ந்து மறைந்தது திருவனந்தபுரத்தில். அவர் பெயரில் பல்கலைக்கழகம் இருப்பதோ திருநெல்வேலியில்.

1937 நவம்பர் 1ஆம் தேதி மகாராஜா சித்திரைத் திருநாள் திருவிதாங்கூருக்கென்று தனிப் பல்கலைக்கழகம் அமைத்தார். மகாராஜா வேந்தர், திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் முதல் துணைவேந்தர். சி.பி. நம்ம வந்தவாசிக்காரர். ஐன்ஸ்டீனை மாதம் ஆறாயிரம் ரூபாய் சம்பளத்துக்குத் துணைவேந்தராகக் கூப்பிட்டதாக ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆதாரக் கடிதத்தை யாராவது காட்டினால் நம்புகிறேன் :-)

அன்றைய திருவிதாங்கூரில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை எல்லாம் சேர்த்தி. அதனால் தமிழ் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு விருந்தாளி மொழியாக வரவில்லை. சமஸ்தானத்தில் லட்சக்கணக்கானவர்கள் வீட்டில் பேசிய மொழி அது. 1940களில் வள்ளல் அழகப்பச் செட்டியார் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்துத் தமிழ்த் துறை ஏற்பட வழிசெய்தார். அன்றைக்கு ஒரு லட்சம் என்றால் சும்மாவா!

1951ல் அந்தத் துறைக்குப் பேராசிரியராக வந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. சென்னையில் தமிழ் லெக்சிகனை முடித்துக் கொடுத்த அதே மனிதர். இளமையில் திருவனந்தபுரத்தில்தான் வக்கீல் தொழில் பார்த்தார், ஆக அவருக்கு ஊர் புதிதில்லை. அவர் அங்கே இருந்தது 1954 வரை. தெற்கே தமிழ்த் தாலுகாக்களைத் தாய்த்தமிழகத்தோடு இணைக்கப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. 1954 ஆகஸ்ட் 11ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள். 1956 நவம்பர் 1ல் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. பல்கலைக்கழகம் தொடங்கி 19 வருடம் முடிந்த அதே நாள்!

தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டன. தமிழ்த் துறை அந்தப் பக்கமே நின்றது. 1957ல் கேரளப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது, ஜான் மத்தாய் துணைவேந்தரானார். கோழிக்கோடு (1968), கோட்டயம் (1983) என்று பல்கலைக்கழகங்கள் பிரிந்து போக, எல்லை தெற்குப் பக்கமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. இந்த நிர்வாகக் கதை போதும்.

நான் உண்மையில் சொல்ல வந்தது வ.அய். சுப்பிரமணியம் பற்றி. நாகர்கோவில் வடசேரிக்காரர், பிறந்தது 1926. இன்டியானா பல்கலைக்கழகத்தில் புறநானூற்றின் மொழியை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். திரும்பி வந்து கேரளப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைத் தலைவர். 1963ல் மொழியியல் துறை தொடங்கியபோது அதற்கும் முதல் தலைவர் இவரே. புறநானூற்றுச் சொல்லடைவை வெளியிட்டது எந்தத் தமிழ்நாட்டு நிறுவனமும் இல்லை, கேரளப் பல்கலைக்கழகம்! அதே மனிதர் மலையாள வட்டார வழக்குகளைக் கணக்கெடுக்கும் பெரிய வேலையையும் நடத்தினார். எல்லை பிரித்துப் பத்துப் பதினைந்து வருடம்கூட ஆகவில்லை, ரணம் ஆறவில்லை. அந்த நேரத்தில் ஒரு வடசேரித் தமிழர் தலைமையில் மலையாளக் கிராமங்களின் பேச்சைப் பதிவு செய்தார்கள் என்றால், இரண்டு பக்கத்துக்கும் அதில் பெருமை உண்டு.

1964ல் டில்லியில் தனிநாயகம் அடிகளோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகக் காரணமானவர். 1971ல் திராவிட மொழியியல் கழகம். அது வளர்ந்து பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளியாகி, கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் மேனம்குளத்தில் நிற்கிறது. 1981ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தர் தேடியபோது எம்.ஜி.ஆர். அரசு அழைத்ததும் இவரைத்தான். 2009ல் மறைந்தார். இங்கே நம் தமிழ்ச் சங்க விழாக்களில் எத்தனையோ பெயர் சொல்கிறோம், இந்தப் பெயரை நான் இதுவரை ஒரு மேடையிலும் கேட்டதில்லை.

காரியவட்டத்தில் இன்னொரு புதையல் உண்டு. கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் சுவடி நூலகம். பல்லாயிரக்கணக்கான சுவடிகள், தமிழும் அதில் அடக்கம். இதன் வேர் சமஸ்தானத்தின் பழைய சுவடித் துறை. அதை நடத்திய த. கணபதி சாஸ்திரி திருநெல்வேலிப் பக்கம் தருவை என்ற ஊர்க்காரர். பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரையில் ஒரு மடத்தில், 1909 வாக்கில், மலையாள எழுத்தில் இருந்த ஒரு பனையோலைக் கட்டு இவர் கண்ணில் பட்டது. உள்ளே சமஸ்கிருத நாடகங்கள். பெயர் மட்டும் கேள்விப்பட்டிருந்த பாசனுடையவை என்று சொல்லி, பிறகு கிடைத்தவற்றையும் சேர்த்து 13 நாடகங்களை 1912 முதல் அச்சிட்டார். பாசன்தான் எழுதினாரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என்னைக் கவர்ந்தது வேறு: கண்டெடுத்தவர் தமிழர், ஓலையின் எழுத்து மலையாளம், மொழி சமஸ்கிருதம், கிடைத்த மணலிக்கரை இன்று கன்னியாகுமரி மாவட்டம். இதை எந்த மாநிலத்துக் கணக்கில் எழுதுவீர்கள்?

வட்டெழுத்து, கிரந்தம் என்று பல எழுத்தில் இருக்கிற இந்தச் சுவடிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவது நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபம். ஏற்றியதை யார் படிப்பது?

வளாகத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டிய கிரிக்கெட் ஸ்டேடியத்தை மட்டும் எல்லோருக்கும் தெரியும். 2015 தேசிய விளையாட்டுக்காக எழுந்தது. 2017ல் நியூஸிலாந்தோடு மழையில் எட்டு ஓவர் ஆட்டம் நடந்ததே, அதே இடம்தான்.

திருவனந்தபுரம் வழியாக நாகர்கோவில், திருநெல்வேலி போகிறவர்கள் அடுத்த லீவில் ஒரு அரை நாள் ஒதுக்கிப் பிள்ளைகளைக் காரியவட்டம் கூட்டிப் போங்கள். நூலகத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. தமிழ்த் துறையும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது.