சந்தாவும் வாக்கும்: வில்கமுவக் கிராமக் கழகங்களை முன்வைத்து இரசிகர் கடமை பற்றி ஒரு விசாரணை

லங்கா பிரீமியர் லீக்கில் மாத்தளை மாவட்டத்துக்கென்று சொல்லத்தக்க அணி ஒன்றுதான். 2020இல் அதன் பெயர் தம்புள்ள வைக்கிங். மறு ஆண்டு தம்புள்ள ஜயன்ட்ஸ் ஆனது. 2022இலும் 2023இலும் தம்புள்ள ஓரா. 2024இல் தம்புள்ள தண்டர்ஸ் என்ற பெயரில் வீரர்களை ஏலத்தில் எடுத்தது. மே மாதம் அதன் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைதாகவே ஒப்பந்தம் இரத்தாகி, வேறோர் உரிமையாளரின் கீழ் தம்புள்ள சிக்ஸர்ஸ் என்று களமிறங்கியது. ஐந்து பருவங்களில் ஐந்து பெயர்கள். முதல் நான்கு பருவங்களில் இந்த அணி தம்புள்ளையில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகலை என்றே அதன் நாட்கள் கழிந்தன. நக்கிள்ஸ் மலைகளுக்குக் கிழக்கே, வஸ்கமுவ வனத்தை அடுத்த வில்கமுவவில் ஒரு விவசாயி இந்த அணியை மனதார நேசித்து அதற்குத் தன் பணத்தில் ஒரு பங்கைக் கொடுக்க விரும்பினால், யாரிடம் கொடுப்பார்? வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. பற்றுச்சீட்டோடு ஓர் அங்கத்துவம் தர அமைப்பு இல்லை.

இரசிகர் தம் கழகத்தைச் சந்தா கட்டித் தாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு இரு தரப்பிலும் வழக்கமாகப் பணத்தை வைத்தே விடை சொல்கிறார்கள். கழகத்துக்குப் பணம் தேவை, ஆகவே கொடுக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. தொலைக்காட்சி உரிமத்திலும் விளம்பரத்திலும் வரும் தொகைக்கு முன் இரசிகரின் சில நூறு ரூபா எம்மாத்திரம் என்பது மறுதரப்பு. இரண்டாம் தரப்பின் கணக்குச் சரியானது, முடிவு பிழையானது. சந்தாவின் பெறுமதியைத் தொகையில் தேடினால் அது எப்போதும் சிறிதாகவே தெரியும். ஒரு கழகம் ஆண்டு முடிவில் யார் முன் எழுந்து நின்று கணக்கு வாசிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே சந்தாவின் வேலை. ஆகவே இக்கட்டுரையின் நிலைப்பாடு இது: பொதுக்கூட்டத்தில் வாக்குத் தராத சந்தாவைக் கட்டும் கடமை எந்த இரசிகருக்கும் இல்லை, வாக்குத் தரும் சந்தாவைக் கட்டாமல் விடுபவர், கழகத்தை வேறு யாரோ ஒருவர் வாங்கிக்கொள்ளக் கதவைத் திறந்து வைக்கிறார்.

‘வேறு யாரோ ஒருவர்’ யார் என்பதற்கு இலங்கையின் கிராமக் கழகங்கள் தெளிவான விடை வைத்திருக்கின்றன. வில்கமுவ போன்ற விவசாயப் பிரதேசங்களில் விளையாட்டுக் கழகம் என்பது பெரும்பாலும் ஒரு கரப்பந்து வலை, எல்லே ஆடுவதற்கான வெளி, சில கிரிக்கெட் மட்டைகள், பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் ஒரு பதிவு, இவ்வளவுதான். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா நெருங்கும்போது கழகத்துக்கு உயிர் வரும். கடைக்காரரிடம் நன்கொடை, அரிசி ஆலைக்காரரிடம் கிண்ணம், அரசியல்வாதியிடம் ஜேர்சி. விழா முடிந்ததும் மேடையில் வரவேற்புரையின் நீளம் கொடுத்தவரின் தொகைக்கு ஏற்ப அமைந்திருந்ததை எல்லோரும் கவனித்திருப்பார்கள். யாரும் அதைக் குற்றமாகச் சொல்வதில்லை.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது. 2015 ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்திய மாதங்களில் அரச விற்பனை நிறுவனமான சதொச ஊடாக 14,000 கெரம் பலகைகளும் 11,000 தாம் பலகைகளும் கொள்வனவு செய்யப்பட்டு, தேர்தல் பிரசாரத்துக்காக விளையாட்டுக் கழகங்களுக்குப் பகிர்வதற்குப் பயன்படுத்தப்பட்டன என்பது வழக்கு. அரசுக்கு 5.3 கோடி ரூபா நட்டம் ஏற்படுத்தியதாகக் கண்டு, கொழும்பு மேல் நீதிமன்றம் 2025 மே 29ஆம் திகதி முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சர் மஹிந்தானந்த அளுத்கமகேக்கு 20 ஆண்டுகளும் முன்னாள் வர்த்தக அமைச்சர் நளின் பெர்னாண்டோவுக்கு 25 ஆண்டுகளும் கடூழியச் சிறை விதித்தது. தீர்ப்பைப் பற்றி எழுதியவர்கள் அமைச்சர்களைப் பற்றியே எழுதினார்கள். பலகைக்காகக் காத்திருந்த கழகங்களைப் பற்றியும் எழுதியிருக்கலாம். ஒரு கிராமக் கழகத்தின் நன்றியை ஒரு கெரம் பலகையால் பெற்றுவிடலாம் என்று ஓர் அமைச்சு கணக்குப் போட்டதென்றால், அந்தக் கழகத்தின் விலை அவ்வளவு மலிவாக இருந்தது என்றும் பொருள். மலிவாக இருந்ததற்குக் காரணம் வறுமை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அதே கிராமத்தில் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. மாதச் சந்தா தவறினால் பெயர் வெட்டப்படும் என்ற கண்டிப்போடு அது நடக்கிறது. கமக்காரர் அமைப்பு இருக்கிறது. சாவுக்கும் நீருக்கும் சந்தா கட்டத் தெரிந்த ஊர், விளையாட்டுக்கு மட்டும் கையேந்துகிறது.

கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். அறுபது குடும்பங்கள் போகத்துக்கு 500 ரூபா வீதம் கட்டினால் ஒரு போகத்தில் 30,000 ரூபா; இரு போகங்கள் கொண்ட ஆண்டுக்கு 60,000. இதைக் கொண்டு மைதானம் அமைக்க முடியாது. வலையும் பந்தும் வாங்கலாம், அணியைப் போட்டிக்கு அனுப்ப வாகனக் கூலி கொடுக்கலாம். அதைவிட முக்கியமாக, அறுபது குடும்பங்களுக்கு “எங்கே போயிற்று எங்கள் பணம்?” என்று கேட்கும் வாய் கிடைக்கிறது. நன்கொடையில் ஓடும் கழகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை நன்கொடை கொடுத்தவருக்குத்தான். அவரோ தேர்தல் முடிந்ததும் கேட்கமாட்டார்.

இந்த வாதத்துக்கு எதிராக எழும் ஆட்சேபங்களில் கனமானது வரலாற்றிலிருந்து வருகிறது. இந்நாட்டில் அங்கத்துவக் கழகம் என்பது வேலி போடவே பிறந்தது. கொழும்பு கிரிக்கெட் கழகம் 1863இல் ஐரோப்பியருக்காகத் தொடங்கியது. 1899இல் சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும் தோன்றின. சோனகர், பறங்கியர் எனக் கழகப் பெயர்களைப் படித்தாலே குடிசன மதிப்பீட்டு அறிக்கையைப் படிப்பது போலிருக்கும். ஓர் அங்கத்தவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால்தான் உள்ளே நுழையலாம் என்ற ஏற்பாட்டில், சந்தா கட்டுவது நுழைவின் கடைசிப் படி. முதற்படி சாதி, பள்ளிக்கூடம், பதவி. சென்னையிலும் கதை வேறல்ல: 1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் அங்கத்துவம் இன்றும் சேப்பாக்கத்தில் ஒரு சமூக அடையாளம்.

ஆயினும் அதே வரலாற்றில் இன்னொரு இழையும் உண்டு. 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்த பி. சரவணமுத்து மைதானம் தமிழ் யூனியனுடையது. மறு ஆண்டு ஜூலைக் கலவரத்தில் கழகத்தின் கட்டடம் எரிக்கப்பட்டது. அதை மீட்டெடுத்து நிறுத்தியதில் அங்கத்தவர்களின் பிடிவாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கழகம் ஒரு தனி உரிமையாளரின் கையில் இருந்திருந்தால் காப்புறுதிப் பணத்தோடு கதை முடிந்திருக்கலாம். அங்கத்துவம் வெளியே நிறுத்துவதற்கும் விட்டுப்போகாமல் இருப்பதற்கும் ஒரே சமயத்தில் கருவியாகிறது. முன்மொழிபவரை நீக்கிவிட்டுச் சந்தாவை மட்டும் நிபந்தனையாக வைத்தால் முதலாவது குறையும், இரண்டாவது நிற்கும். ஊரில் வசிப்பவர் எவரும் கட்டலாம், கட்டியவருக்கு வாக்கு: இதைக் கிராமக் கழகம் செய்வது கொழும்புக் கழகம் செய்வதைவிட எளிது, ஏனெனில் கிராமத்தில் காக்கவேண்டிய மதுச்சாலை இல்லை.

வாக்கு மட்டும் இருந்து சந்தா இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஸ்ரீலங்கா கிரிக்கெட்டைப் பார்க்கலாம். அதன் பொதுக்கூட்டத்தில் கழகங்களுக்கும் மாவட்டச் சங்கங்களுக்கும் வாக்கு உண்டு. நீண்ட காலம் அந்த வாக்குகள் 147. அவற்றை 60 ஆகக் குறைக்கும் யாப்புத் திருத்தம் 2024 இறுதியில்தான் ஏற்கப்பட்டது. பணம் கீழிருந்து மேலே வருவதில்லை. சர்வதேசக் கிரிக்கெட் சபையிலிருந்தும் ஒளிபரப்பிலிருந்தும் வந்து ஸ்ரீலங்கா கிரிக்கெட்டின் வழியே கழகங்களுக்கு இறங்குகிறது. வாக்காளர் தம் வேட்பாளரிடமிருந்து மானியம் பெறும் தேர்தல் அது. 2023 நவம்பர் 2ஆம் திகதி மும்பையில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டபின் நிகழ்ந்தவை நினைவிருக்கும்: விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க ஸ்ரீலங்கா கிரிக்கெட் சபையைக் கலைத்து அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார், மறுநாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைநிறுத்தியது, 9ஆம் திகதி பாராளுமன்றம் சபை பதவி விலக வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது, 10ஆம் திகதி சர்வதேசச் சபை இலங்கையின் அங்கத்துவத்தை இடைநிறுத்தியது. 2024 ஜனவரி இறுதியில்தான் அது நீங்கியது. அமைச்சர், நீதிமன்றம், பாராளுமன்றம், சர்வதேசச் சபை என நான்கு தரப்பும் மோதிய அந்த வாரங்களில் கொதித்துப்போயிருந்த இரசிகருக்கு நிறுவன ரீதியாக ஓர் இடமும் இருக்கவில்லை. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது, சங்கங்களைப் பதிவு செய்கிறது. பார்வையாளன் என்றொரு தரப்பு இருப்பதை அது அறியாது.

வாக்கை விடாமல் பிடித்துக்கொண்ட இரசிகர்களும் உண்டு, அதற்கு விலை கொடுத்தவர்கள். 1920இல் தோன்றிய கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் உதைபந்தாட்டக் கழகம், 2020இல் ஒரு சிமெந்து நிறுவனத்தை முதலீட்டாளராகச் சேர்த்துக்கொண்டு இந்தியன் சூப்பர் லீக்குள் நுழைந்தது. இறுதி ஒப்பந்தத்தில் அங்கத்தவர் உரிமைகள் பறிபோகும் என்று கழக நிர்வாகம் கையெழுத்திட மறுத்தது. 2021 ஜூலை 21ஆம் திகதி கழக வாயிலில் இரசிகர்கள் திரண்டார்கள். கையெழுத்திடு என்றும் இடாதே என்றும் இரு பிரிவாக நின்றதுதான் அங்கே விசேஷம். பொலிஸ் தடியடி நடந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் தலையிட்டு அப்பருவத்தில் ஆடவைத்தார். அணி பட்டியலில் கடைசியில் முடிந்தது. முதலீட்டாளர் 2022இல் விலகினார். வாக்கைக் காத்ததால் கிண்ணம் போனதென்று ஒரு சாரார் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அங்கத்துவத்துக்காக வாதாடுவது நேர்மையாகாது. சந்தா கட்டும் இரசிகர் சில ஆண்டுகள் தோற்கத் தயாராக இருக்க வேண்டும்.

ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் சென் பவுலி உதைபந்தாட்டக் கழகம் 2024இல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, கட்டணங்கள் உட்பட 850 யூரோ விலையில் பங்குகளை இரசிகர்களுக்கு விற்று, தன் அரங்கின் பெரும்பான்மை உரிமையை அவர்களிடம் ஒப்படைத்தது. எத்தனை பங்கு வாங்கினாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. நமக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை; யாழ்ப்பாணத்தின் மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை நடத்திய சமூகத்துக்கு ஹம்பர்க்கிலிருந்து பாடம் வரவேண்டியதில்லை. வைத்தியசாலைக்குச் செய்ததை விளையாட்டுக்கும் செய்யலாம் என்று நமக்குத் தோன்றாததுதான் கவனிக்கத்தக்கது.

வறுமை பற்றிய ஆட்சேபத்தைக் கடந்துபோக முடியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் எழுபது வீதத்தை நெருங்கிய நாடு இது. உரம், டீசல், யானை என்று மூன்று பக்கமும் இழக்கும் வயல்காரரிடம் மாதச் சந்தா கேட்பது நகரத்துச் சம்பளக்காரரின் கற்பனை. அவர் கையில் பணம் புழங்குவது பெரும்போக அறுவடைக்குப் பின்னும் சிறுபோக அறுவடைக்குப் பின்னும்தான். பெரும்போக நெல் விற்று முடிவதும் புத்தாண்டு விழா ஏற்பாடு தொடங்குவதும் ஏறத்தாழ ஒரே காலம். கழகம் கடைகடையாக ஏறி இறங்கும் அந்த வாரங்களே சந்தா வசூலிக்க ஏற்றவை. கட்ட முடியாதவருக்குச் சிரமதானம் இருக்கிறது. மைதானத்தைச் சமப்படுத்திய ஒரு நாள் வேலை ஒரு போகச் சந்தாவுக்குச் சமம் என்று யாப்பில் எழுதலாம், பற்றுச்சீட்டும் கொடுக்கலாம். பிரதியாக வாக்குக் கிடைக்குமானால் அது பணமா உழைப்பா என்பது இரண்டாம் பட்சம்.

காசு கட்டாதவன் இரசிகன் இல்லையா என்ற கேள்வி அடிக்கடி உணர்ச்சியோடு எழுப்பப்படுகிறது. இரசிகன்தான். தேநீர்க் கடையில் நின்று வர்ணனை கேட்பவரின் அன்பை அளக்க எவருக்கும் உரிமை இல்லை. இங்கே பேசப்படுவது கழகத்தை ஆள்வது பற்றி.

தனியார் அணிகளின் இரசிகருக்கு இந்த வாதம் என்ன சொல்கிறது? நுழைவுச்சீட்டு வாங்கலாம், சட்டை வாங்கலாம், மகிழலாம். அதைக் கழகத்தைத் தாங்குவதாக எண்ண வேண்டாம். 2020இல் புலம்பெயர் தமிழ் முதலீட்டாளர்களின் கையில் கிண்ணம் வென்ற ஜப்னா ஸ்டாலியன்ஸ், மறு ஆண்டு உரிமை கைமாறி ஜப்னா கிங்ஸ் ஆனது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அந்தக் குதிரைச் சின்னத்தைச் சட்டையில் அணிந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. வீரர்களையும் பயிற்சியாளரையும் உரிமையாளர் வாங்கட்டும். ஊரின் பெயரும் நிறமும் சின்னமும் சந்தா கட்டும் மாவட்ட இரசிகர் சங்கத்தின் பெயரில் பதிவாகி, உரிமையாளருக்கு ஆண்டுக் குத்தகைக்கு விடப்படட்டும் என்று ஸ்ரீலங்கா கிரிக்கெட் ஒப்பந்தத்தில் சேர்க்க முடியும். இங்கிலாந்தில் விம்பிள்டன் உதைபந்தாட்டக் கழகம் மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோகப்படுவதற்கு 2002இல் அனுமதி கிடைத்தபோது, இரசிகர்கள் ஏஎப்சி விம்பிள்டன் என்று புதிதாகத் தொடங்கினார்கள். பழைய கழகம் வென்ற கிண்ணங்கள் 2007இல் விம்பிள்டன் பகுதியின் உள்ளூர் நிர்வாகத்திடமே திரும்பி வந்தன. அணியைப் பெயர்த்துக் கொண்டுபோகலாம், ஊரின் நினைவைப் பெயர்க்க முடியாது என்ற கொள்கையை ஒரு தொழில்முறைக் கழகம் ஏற்றுக்கொண்டதற்கு அது முன்னுதாரணம்.

கிராமக் கழகத்துக்குத் திரும்பினால், யாப்பில் இரண்டு விதிகள் போதும் என்பது என் கருத்து. ஓர் ஆண்டில் எந்தத் தனி நன்கொடையும் அவ்வாண்டின் மொத்தச் சந்தாவைத் தாண்டக் கூடாது. அமைச்சர் பத்து இலட்சம் தர வந்தால், கழகம் முதலில் தன் அங்கத்தவரிடம் போக வேண்டியிருக்கும். மற்றது, சந்தா மரண உதவிச் சங்கத்தைப் போலக் குடும்பத்தின் பெயரில் இருக்கட்டும். வாக்கு அக்குடும்பத்தின் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்குமாக இரண்டாகட்டும். இன்று கழகத்தின் பணம் எதில் செலவாகிறது என்பதை இளைஞர் சிலர் தீர்மானிக்கிறார்கள். வலைப்பந்துக்கும் பெண்கள் கரப்பந்துக்கும் ஏன் பந்து இல்லை என்ற கேள்வி பொதுக்கூட்டத்தில் எழாததற்குக் காரணம், அதைக் கேட்கக்கூடியவர்கள் அங்கே இருப்பதில்லை என்பதே. கழகத்தைப் பதிவு செய்யவும் புதுப்பிக்கவும் பிரதேச செயலகம் யாப்பையும் நிர்வாகிகள் பட்டியலையும் கேட்கிறது. அத்தோடு சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளையும் கேட்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.