இரணைமடுவில் ஒரு கணக்காய்வுப் பயிலுநர்

"ஓடிற் வந்திருக்கிறார்கள்" என்ற செய்தி பரவினால் அரச அலுவலகமொன்றில் சிரிப்பொலி அடங்கிவிடும். கோப்புகள் தூசு தட்டப்படும். நெடுநாளாகக் காணாமற்போயிருந்த சாவிகள் கிடைத்துவிடும். கணக்காய்வாளர் என்றால் கள்ளனைப் பிடிக்க வருபவர் என்பதே நம்மவர் மனதிலுள்ள படிமம். பத்திரிகைத் தொழிலில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கை வெளிவரும்போதெல்லாம் அதில் தலைப்புச் செய்தி எங்கே இருக்கிறதென்று தேடினேனேயன்றி, அந்த அறிக்கையின் ஒரு வரி எவ்வாறு பிறக்கிறது என்று சிந்தித்ததில்லை. அதை எனக்குக் கற்பித்தவர், 2011 ஆம் ஆண்டு இரணைமடுக் குளக்கட்டுக்கு அருகில் நான் சந்தித்த ஓர் இளம் பயிலுநர்.

இலங்கையில் இந்தப் பணி மிகப் பழமையானது. பிரித்தானியர் கரையோர மாகாணங்களைக் கைப்பற்றிய சில ஆண்டுகளிலேயே, 1799 இல், அதற்கான பதவி தோற்றுவிக்கப்பட்டுவிட்டது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 154 ஆம் உறுப்புரை அமைச்சுகள், திணைக்களங்கள், உள்ளூராட்சி மன்றங்கள் அனைத்தையும் இதன் பார்வைக்குள் கொண்டுவந்தது. 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தின் பின்னர் பழைய திணைக்களம் தேசிய கணக்காய்வு அலுவலகமாயிற்று. இழப்புக்குக் காரணமானவர்களிடமிருந்து அதை அறவிட மிகைக்கட்டணம் விதிக்கும் ஏற்பாடும் அச்சட்டத்தில் இடம்பெற்றது.

சட்டங்கள் மாறினாலும் பயிலுநரின் நாள் பெரிதாக மாறுவதில்லை. பிறர் எழுதிய கூட்டல்களை மீண்டும் கூட்டிப் பார்க்கவேண்டும். காசேட்டிலுள்ள ஒவ்வொரு செலவுக்கும் உறுதிச்சீட்டு உண்டா, அதில் அதிகாரம் பெற்றவரின் கையொப்பம் உண்டா என்று ஒப்புநோக்கவேண்டும். வாகனத்தின் ஓட்டப் பதிவேட்டையும் எரிபொருட் பற்றுச்சீட்டையும் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும். பின்னர் நாற்காலியை விட்டெழுந்து களஞ்சியத்துக்குச் சென்று, புத்தகத்தில் இருக்கும் பொருள் தரையிலும் இருக்கிறதா என்று எண்ணவேண்டும். சந்தேகம் எழுந்தால் அதை ஐயவினாவாக எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கவேண்டும். சுருங்கக் கூறின், எழுத்தையும் பொருளையும் சந்திக்க வைப்பதே அவர் தொழில்.

இரணை என்றால் இரட்டை. அருகருகே கிடந்த இரு மடுக்கள் இணைந்து ஒரே குளமானதால் இரணைமடு எனப் பெயர் வந்தது என்பர். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இந்தக் குளத்தின் வேலைகள் 1902 இல் தொடங்கி 1920 இல் நிறைவுற்றன. 1936 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களைக் கொண்டு கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. கட்டு படிப்படியாக உயர்த்தப்பட்டு, 1977 அளவில் குளத்தின் கொள்ளளவு 1,06,500 ஏக்கர் அடியை எட்டியது. காலபோகத்தில் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் இதை நம்பியிருக்கின்றன.

குளத்தையும் கணக்கையும் நம் முன்னோர் பிரித்துப் பார்த்தவர்களல்லர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகவே நாம் பெரிதும் பேசுகிறோம். ஏரிவாரியம் முதலிய வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும், மீண்டும் வாரியத்துக்கு வரமுடியாது என்று அதே கல்வெட்டு விதித்திருப்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. நீரைப் பங்கிடுபவன் கணக்குக் காட்டவேண்டும் என்ற நியதி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டப்பட்டுவிட்டது. இரணைமடுவிலும் சிறுபோகத்துக்கு முன்னர் கூட்டம் கூடி, குளத்தில் எத்தனை அடி நீர் இருக்கிறது, அதைக்கொண்டு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று விவசாயிகள் முன்னிலையில் தீர்மானிப்பது வழக்கம். எழுதப்படிக்கத் தெரியாதவரும் கேள்வி கேட்கக்கூடிய கணக்காய்வு அது.

ஆனால் போர் எழுத்தைத் தின்றது. 1984 இல் தனி மாவட்டமான கிளிநொச்சி, 1996 இல் இராணுவத்திடமும் 1998 இல் விடுதலைப் புலிகளிடமும் கைமாறியது. 2009 ஜனவரி 2 ஆம் திகதி மீண்டும் இராணுவத்திடம் வீழ்ந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுக் காலத்திலும் அரச செயலகம், பாடசாலை, வைத்தியசாலை ஆகியவை கொழும்பின் சம்பளத்தில் இயங்கின என்பதை வெளியுலகம் பலவேளைகளில் மறந்துவிடுகிறது. ஊழியர்கள் மக்களோடு மக்களாக இடம்பெயர்ந்தபோது கோப்புகளும் சிறிது தூரம் இடம்பெயர்ந்தன. பின்னர் உயிரைத் தூக்குவதா, கோப்பைத் தூக்குவதா என்ற நிலை வந்தது.

நான் சந்தித்த பயிலுநருக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். அரச நிறுவனமொன்றின் பொருட்கணக்கெடுப்பைச் சரிபார்க்க அனுப்பப்பட்டிருந்தார். அவர் கையிலிருந்த பொருட்பதிவேடு மீள்குடியேற்றத்தின் பின்னர் புதிதாகத் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஏடு எதுவுமில்லை.

"ஐயா, புத்தகத்தில் இருக்கிற சாமானைக் காணேல்லை எண்டால் என்ன செய்யிறது எண்டு படிப்பிச்சவை. இஞ்ச சாமான் இருக்கு, புத்தகத்தைக் காணேல்லை" என்றார்.

அந்தச் சாமான் ஒரு நீரிறைக்கும் இயந்திரம். துருவேறியிருந்தாலும் இலக்கத்தகடு தெளிவாக இருந்தது. அங்கு நீண்டகாலம் வேலைசெய்த தொழிலாளி ஒருவர், இடம்பெயர்வதற்கு முதல்நாள் இரவு அதைச் சாக்கில் சுற்றித் தாட்டுவிட்டுச் சென்றாராம். முகாமிலிருந்து திரும்பியதும் தன் வீட்டு அத்திவாரத்தைத் தேடுவதற்கு முன்னரே அதைத் தோண்டி எடுத்து வந்து ஒப்படைத்திருக்கிறார். "அரசாங்கச் சாமான், தம்பி. ஆரும் கேட்டால் நான்தானே பதில் சொல்லவேணும்" என்பதே அவர் கூறிய காரணம்.

விதிப்படி, பதிவேட்டில் இல்லாமல் கையிருப்பில் உள்ள பொருள் 'மிகை' எனப்படும். ஒரு மனிதன் மண்ணுக்குள் ஒளித்துக் காப்பாற்றிய பொருளை 'மிகை' என்று எழுத அந்த இளைஞருக்குக் கை வரவில்லை. மேலதிகாரியிடம் கேட்டாராம். அவர் சொன்ன பதில் இது: "மிகை எண்டுதான் எழுதவேணும், தம்பி. ஆனால் அது எப்பிடி மிகையானது எண்டு அந்த மனிசன்ர வாய்மொழியைக் கேட்டு, கையெழுத்தும் வாங்கிக் கோப்பிலை போடும். இனி வாறவன் வாசிக்கட்டும்."

கள்ளனைப் பிடிப்பது கணக்காய்வின் ஒரு பாதிதான் என்பது அன்று எனக்கு விளங்கியது. நேர்மையானவனின் நேர்மைக்குச் சாட்சி எழுதிவைப்பது மற்றப் பாதி. அந்தக் கையொப்பம் இல்லையென்றால், சில ஆண்டுகளின் பின்னர் வரும் வேறொருவர் "இந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது?" என்று அதே தொழிலாளியைக் குற்றவாளிபோல் விசாரிக்கவும் கூடும்.

அதன் பின்னர் இரணைமடுவில் நீர் பலமுறை வந்து போய்விட்டது. சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் கடனுதவியுடன் புனரமைப்பு நடைபெற்றது. நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்ட குளம் 2018 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதே மாதம் பெருவெள்ளம் வந்தபோது, வான்கதவுகள் எந்த நேரத்தில், எவ்வளவு திறக்கப்பட்டன என்ற கேள்வி பெரும் சர்ச்சையாயிற்று. யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு இரணைமடு விவசாயிகள் தெரிவித்த எதிர்ப்பும் அடிப்படையில் ஒரு கணக்குப் பற்றியதே: குளத்தில் உண்மையில் மிச்சமாகும் நீர் எவ்வளவு? இறுதியில் யாழ்ப்பாணத்துக்காகத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது.

கதவு திறந்த நேரமும் நீர்மட்டமும், எல்லோரும் நம்பும் ஏடொன்றில் எழுதப்பட்டிருந்தால் பாதிச் சண்டை இல்லாமற் போகும். அந்த ஏட்டைத் திறந்து பார்க்கும் உரிமை மக்களுக்கு இருந்தால் மீதிச் சண்டையும் குறையும்.

அந்தப் பயிலுநர் இப்போது யாரோ ஒரு பயிலுநருக்கு மேலதிகாரியாக இருக்கக்கூடும். 'மிகை' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சாக்கும் ஒரு மண்வெட்டியும் அவர் நினைவுக்கு வரும் என்றே நம்புகிறேன். எனக்கு வருகிறது.