ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம்

ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் என்பது இந்தியாவின் மத்தியப் பிரதேச மாநிலத்தில் 1972 முதல் 2002 வரை நடைபெற்ற பள்ளிக் கல்விச் சீர்திருத்த முயற்சி ஆகும். இன்று நர்மதாபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ள ஹோசங்காபாத் மாவட்டத்தில் இது தொடங்கியது. 6 முதல் 8 வரையான வகுப்பு மாணவர்கள் அறிவியலைச் செய்து பார்த்தே கற்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. ஆர்வமுள்ள சில மாணவர்களுக்காகப் பள்ளி நேரத்துக்குப் பின் நடக்கும் அறிவியல் மன்றங்களிலிருந்து இது வேறுபட்டது. அரசுப் பள்ளியின் வழக்கமான பாடவேளையில், வகுப்பிலுள்ள எல்லா மாணவர்களுக்கும் இது நடத்தப்பட்டது.

தோற்றம்

ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராமிய மையம், கிஷோர் பாரதி ஆகிய இரு தன்னார்வ அமைப்புகள், மாநில அரசின் அனுமதியுடன் 16 நடுநிலைப் பள்ளிகளில் இத்திட்டத்தைத் தொடங்கின. கிஷோர் பாரதியை நிறுவிய அனில் சத்கோபால், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய மூலக்கூறு உயிரியலாளர். அந்நிலையத்தின் அறிவியலாளர்களும் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் கிராமப் பள்ளி ஆசிரியர்களுடன் சேர்ந்து பாடங்களை உருவாக்கினர்.

வகுப்பறை நடைமுறை

மாணவர்கள் நால்வர் கொண்ட குழுக்களாக அமர்ந்து சோதனைகளைச் செய்தனர். ‘பால் வைக்ஞானிக்’ (இளம் அறிவியலாளர்) என்ற பாடநூலில் சோதனை செய்யும் முறையும் கேள்விகளும் இருந்தன, விடைகள் தரப்படவில்லை. கண்டதை மாணவர்கள் தம் குறிப்பேட்டில் எழுதி, வகுப்பில் விவாதித்து முடிவுக்கு வந்தனர். வயல்வெளிக்குச் சென்று இலைகளையும் பூச்சிகளையும் உற்றுநோக்குவதும் பாடத்தின் பகுதியாக இருந்தது.

கணிதமும் இச்செயல்பாடுகளுக்குள்ளேயே இடம்பெற்றது. ஒரே நீளத்தைப் பலர் அளக்கும்போது அளவுகள் சற்று வேறுபடும். அந்த வேறுபாட்டைத் தவறு என்று தள்ளாமல், அளவீட்டின் இயல்பாகவே மாணவர்கள் ஆராய்ந்தனர். வாய்ப்பும் நிகழ்தகவும் குறித்த பாடமும் இருந்தது. காசைச் சில முறை மட்டும் சுண்டினால் பூவும் தலையும் ஒழுங்கின்றி விழும்; பல நூறு முறை சுண்டும்போது இரண்டும் ஏறத்தாழ பாதிப் பாதியாக அமையும்.

தீக்குச்சி மாதிரிகள்

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியாளர் அரவிந்த் குப்தா, 1978-இல் தம் வேலையிலிருந்து விடுப்பு எடுத்து இத்திட்டத்தில் சேர்ந்தார். மிதிவண்டி வால்வு டியூப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, அவற்றில் தீக்குச்சிகளைச் செருகி வடிவங்கள் செய்யும் முறையை அவர் உருவாக்கினார். இம்முறையில் செய்த சதுரத்தை அழுத்தினால் அது சாய்ந்து சாய்சதுரமாகும். முக்கோணம் வடிவம் மாறாது. பாலங்களிலும் கூரைச் சட்டங்களிலும் முக்கோணங்கள் அமைவதற்கான காரணத்தை மாணவர் கையால் தொட்டே உணரலாம்.

ஆசிரியர்களும் தேர்வும்

விடையில்லாத பாடநூலை நடத்துவது ஆசிரியர்களுக்குப் புதிய அனுபவமாக இருந்தது. மாணவர் கேட்கும் கேள்விக்குத் தமக்கு விடை தெரியாது என்று வகுப்பில் ஒப்புக்கொள்ள வேண்டிய நிலையும் வந்தது. இதற்காகக் கோடை விடுமுறையில் பயிற்சி முகாம்களும் மாதந்தோறும் ஆசிரியர் கூட்டங்களும் நடத்தப்பட்டன. பள்ளிகளுக்குச் சோதனைப் பெட்டிகள் வழங்கப்பட்டன. தேர்வும் மாற்றப்பட்டது: எழுத்துத் தேர்வில் பாடநூலையும் குறிப்பேட்டையும் பார்த்து எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்தைச் சோதிக்கும் பழைய தேர்வு நீடித்திருந்தால், வகுப்பறையும் விரைவில் மனப்பாடத்துக்கே திரும்பியிருக்கும்.

விரிவாக்கமும் நிறுத்தமும்

1978-இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. 1982-இல் இப்பணியை முன்னெடுக்க ‘ஏகலவ்யா’ என்ற அமைப்பு நிறுவப்பட்டது. பின்னர் மாநிலத்தின் வேறு பல மாவட்டங்களுக்கும் திட்டம் பரவியது.

உயர்நிலை வகுப்புகளின் தேர்வுமுறை மாறவே இல்லை. 8-ஆம் வகுப்பு வரை செய்து கற்ற மாணவர், 9-ஆம் வகுப்பில் மீண்டும் மனப்பாட முறையை எதிர்கொண்டார். இதனால் மாணவர்கள் பொதுத்தேர்வில் பின்தங்குகின்றனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கல்வியாளர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தபோதும், 2002-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தி, பொதுவான பாடநூலையே இப்பள்ளிகளிலும் நடைமுறைப்படுத்தியது.

தாக்கம்

திட்டத்தின் செயல்பாடுகள் நூல்களாகவும் விளையாட்டுப் பொருள்களாகவும் நாடெங்கும் பரவின. அரவிந்த் குப்தாவின் செய்முறைக் காணொளிகள் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கிடைக்கின்றன. அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆயினும் பயிற்சி, மாதக் கூட்டம், மாற்றுத் தேர்வு ஆகியவற்றை ஒன்றாக இணைத்து அரசுப் பள்ளிகளில் நடத்திய அமைப்புமுறை 2002-உடன் முடிவுற்றது. தீக்குச்சி முக்கோணத்தை ஓர் ஆசிரியர் தனியாகவே வகுப்புக்குக் கொண்டுவர முடியும். அதற்குரிய பாடவேளையையும் தேர்வையும் கல்வித்துறையே அமைத்துத் தர வேண்டும் என்பதை இத்திட்டத்தின் முப்பதாண்டு வரலாறு காட்டுகிறது.